ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் அவர்களைத் தாங்க வேண்டிய சபையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு பள்ளி, மறைக்கல்வி வகுப்பு, சிறுவர் ஊழியம், வாலிபர் கூட்டம் என்று ஒவ்வொரு சபையிலும் ஒவ்வொரு பெயர். பெயர் எதுவானாலும் அதை நடத்துகிற ஆசிரியர்களுக்கும், அவர்களுக்குப் பொறுப்பான கண்காணிப்பாளர், ஆயர், சபைக் கமிட்டியினருக்கும் இந்தப் பதில்கள் உதவும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: எந்த ஆசிரியரையும் தனியாக விடாதீர்கள். கீழே உள்ள பல பதில்கள் இந்த ஒரு பேச்சுக்கே திரும்பி வரும்.

எங்கள் ஆசிரியர்கள் ஓராண்டுக்கு மேல் நிலைப்பதில்லை. ஏன்?

"நேரம் இல்லை" என்று சொல்லித்தான் விலகுவார்கள். கூர்ந்து பார்த்தால், வேலைப் பளுவைவிடத் தனிமைதான் அவர்களை அதிகம் வாட்டியிருக்கும். பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, வகுப்பறையைக் காட்டிவிட்டுப் பெரியவர்கள் எல்லாரும் ஆராதனைக்குப் போய்விடுகிறார்கள். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் யாரைக் கூப்பிடுவது? தனக்கே காய்ச்சல் என்றால் வகுப்பை யார் எடுப்பது? பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் யாரிடம் போவது? எதற்கும் ஏற்பாடு இருக்காது. ஆராதனையும் வகுப்பும் ஒரே நேரத்தில் நடந்தால், அந்த ஆசிரியர் மாதக்கணக்கில் பிரசங்கம் கேட்டிருக்க மாட்டார், திருவிருந்தில் பங்கெடுத்திருக்க மாட்டார்.

யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில், காலைமுதல் மாலைவரை தனியாக உட்கார்ந்து நியாயம் விசாரித்த மோசேயைப் பார்த்து, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று மாமனார் எத்திரோ சொன்னார். விசாரித்த முறையில் அவர் குறை காணவில்லை. தனியாகச் செய்ததைத்தான் கண்டித்தார்.

சபை உடனே செய்யக்கூடியவை இவை. ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு பேரை வையுங்கள். அழைத்தால் வரக்கூடிய மாற்று ஆசிரியர்கள் மூன்று பேருடைய பெயரும் எண்ணும் கண்காணிப்பாளர் கையில் இருக்கட்டும். மாற்று ஆளைத் தேடும் வேலை காய்ச்சலில் படுத்திருப்பவருடையது ஆகக் கூடாது. வகுப்பு நடக்கும் நேரம் முழுவதும் வெளியே நடமாடிக்கொண்டிருக்க ஒருவரை நியமியுங்கள். நான்கு ஞாயிறுகளில் ஒன்றிலாவது ஒவ்வோர் ஆசிரியரும் ஆராதனையில் முழுமையாக உட்கார வழி செய்யுங்கள். இவற்றுக்குப் பணம் தேவையில்லை, ஆள் ஒழுங்குதான் தேவை.

எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஆசிரியர்கள்?

மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால் மூன்று பேருக்கு ஒரு பெரியவர். 3 முதல் 5 வயதுவரை ஐந்தாறு பேருக்கு ஒருவர். 6 முதல் 11 வயதுவரை எட்டுப் பேருக்கு ஒருவர், தாங்கினால் பத்து. பதின்பருவத்தினருக்குக் கலந்துரையாடல் குழு எட்டைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் இரண்டு பேர் மட்டும் பேசுவார்கள், மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் நாட்டுச் சட்டமோ திருச்சபையின் விதியோ இதைவிடக் கண்டிப்பாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பிள்ளைகள் எத்தனை பேர் வந்தாலும், நான்கு பேர்தான் வந்திருந்தாலும், அறையில் பெரியவர்கள் குறைந்தது இருவர். அவர்கள் கணவன் மனைவியாகவோ ஒரே குடும்பத்தாராகவோ இல்லாமல் இருப்பது நல்லது. ஆள் போதவில்லையா? இரண்டு வகுப்புகளைச் சேர்த்து நடத்துங்கள். இருவர் என்ற விதியை மட்டும் தளர்த்தாதீர்கள்.

ஆசிரியர்கள் கிடைப்பதில்லை. எப்படி அழைப்பது?

ஆராதனை அறிவிப்பில் "ஞாயிறு பள்ளிக்கு ஆள் தேவை, விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள்" என்று கேட்பது பலன் குறைந்த வழி, ஆபத்தான வழியும்கூட. பொறுப்பாக யோசிக்கிறவர் தயங்கிப் பின்வாங்குவார். பிள்ளைகளிடம் நெருங்கத் தவறான நோக்கம் உள்ளவர் முதல் ஆளாகப் பெயர் கொடுக்கலாம். ஆகவே ஆளைப் பார்த்து நேரில் கேளுங்கள்: "நீங்கள் சின்னப் பிள்ளைகளிடம் குனிந்து பேசுவதைக் கவனித்தோம். ஜூன் முதல் நவம்பர் வரை, 8 வயது வகுப்பில், இன்னாருடன் இரண்டாவது ஆளாக இருக்க முடியுமா?" காலம், வகுப்பு, துணை ஆள் மூன்றும் அந்த அழைப்பிலேயே தெளிவாகிவிடுகின்றன. முடிவு தெரியாத பொறுப்பை ஏற்க யாருக்கும் பயம் வரும்.

ஏற்கும் முன் சில காரியங்கள் கட்டாயம். அவர் சபைக்கு வரத் தொடங்கிக் குறைந்தது ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். எழுத்தில் விண்ணப்பம், அவரை நன்கு அறிந்த இருவரிடம் விசாரணை, உங்கள் நாட்டில் இருக்கும் காவல்துறைச் சான்று முறை, ஒரு நேர்முகப் பேச்சு ஆகியவற்றை முடித்துக்கொள்ளுங்கள். "நமக்குத் தெரிந்த குடும்பம்தானே" என்று இதை விட்டுவிடும் சபைகள்தான் பிறகு கண்ணீர் விடுகின்றன. எல்லாருக்கும் ஒரே விதி என்று ஆயரும் கையெழுத்துப் போட்டால் யாரும் மனம் புண்பட மாட்டார்கள்.

புதியவருக்குப் பயிற்சி எப்படிக் கொடுப்பது?

ஒரு நாள் கருத்தரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுப்பதைவிட, ஆறு வாரம் பக்கத்தில் நிற்க வைப்பது மேல். முதல் இரண்டு வாரம் பார்ப்பார். மூன்றாவது வாரம் வரவேற்பையும் வருகைப் பதிவையும் கவனிப்பார். நான்காவது வாரம் மனப்பாட வசனத்தை நடத்துவார். ஐந்தாவது வாரம் கதை சொல்வார். ஆறாவது வாரம் முழு வகுப்பையும் அவரே எடுக்க, பழைய ஆசிரியர் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு வாரமும் வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம் இருவரும் பேச வேண்டும்: எது பிள்ளைகளைப் பிடித்தது, எங்கே நழுவியது? இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்த்தால் ஆறு வாரமும் வீண்.

பாடம் தயாரிக்க எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

மொத்தம் இரண்டு மணி நேரம் போதும். ஆனால் அதைச் சனிக்கிழமை இரவில் குவிக்காதீர்கள். திங்களன்று வேதபகுதியை மட்டும் 15 நிமிடம் வாசியுங்கள். ஆசிரியர் கையேட்டைத் திறக்காதீர்கள். கையேட்டை முதலில் படித்தால் வேறொருவர் கண்டதைத்தான் ஒப்பிப்பீர்கள். புதன்கிழமை கையேட்டை எடுத்து, பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால் பாடம் இன்னும் உங்களுக்கே பிடிபடவில்லை. வெள்ளியன்று கதையை வாய்விட்டு, புத்தகம் பார்க்காமல், கடிகாரம் வைத்துச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் ஐந்து நிமிடமாக ஓடும் கதை வாயில் பத்து நிமிடம் ஆகும். கைவேலை இருந்தால் ஒன்றை நீங்களே முழுதாகச் செய்து பாருங்கள். மடிப்புக் கோடு எங்கே பிசகும் என்பது அப்போதுதான் தெரியும்.

45 நிமிட வகுப்பை எப்படிப் பிரிப்பது?

8 வயதை ஒட்டிய பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு தொடங்க 10 நிமிடம் இருக்கும்போதே ஆசிரியர் அறையில் இருக்க வேண்டும். முதலில் வரும் பிள்ளைக்கு மேசைமேல் ஏதாவது வேலை காத்திருந்தால், பாதிக் குழப்பம் தொடங்கும் முன்பே அடங்கிவிடும். வரவேற்பும் வருகைப் பதிவும் 5 நிமிடம், பாட்டும் ஜெபமும் 7, பழைய வசனத்தை நினைவூட்ட 3, கதை 10, கதையைப் பற்றிய பேச்சு 7, கைவேலை அல்லது நடிப்பு 10, முடிவு ஜெபம் 3. பொதுவாக நேரம் தப்புவது பாட்டில்தான். ஒரு பாட்டு மூன்றாகும், கதை சுருங்கும், பேச்சு காணாமல் போகும். பிள்ளைகள் பேசுகிற அந்த ஏழு நிமிடம் வகுப்பின் இதயம். எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்காதீர்கள்.

கதை சொல்லத் தொடங்கியதும் கவனம் சிதறுகிறது. என்ன செய்வது?

நீங்கள் படித்துக் காட்டுகிறீர்களா, சொல்கிறீர்களா என்று பாருங்கள். கண் புத்தகத்தில் இருந்தால் பிள்ளைகளின் கண் ஜன்னலில் இருக்கும். அடுத்த தவறு, கதையின் நடுவிலேயே நீதி சொல்வது. "ஆகவே நாமும்..." என்று ஆரம்பித்த உடனே, இது பழைய அறிவுரைதான் என்று பிள்ளை கண்டுகொள்ளும்.

காணாமற்போன ஆட்டின் உவமையை (லூக்கா 15) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய சார்ட் தாளில் 100 புள்ளிகள் வையுங்கள். பத்துப் பத்தாக வரிசையில் வைக்காதீர்கள். ஒன்றை மறைத்தால் ஓட்டை உடனே கண்ணில் பட்டுவிடும். சிதறலாக வைத்து, தாளை நான்காக மடித்துப் பிரித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் 25 புள்ளிகள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கண் மூடச் சொல்லி, ஒரு புள்ளிமேல் சிறு வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். "கண்ணைத் திறங்க. ஆடு எல்லாம் இருக்கா?" பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது. நான்கு குழுவாகப் பிரிந்து எண்ணுவார்கள். 25, 25, 25... ஒரு குழு மட்டும் 24 என்று சொல்லும், நம்பாமல் மறுபடி எண்ணும். அப்போது ஒரே ஒரு கேள்வி: "மேய்ப்பனுக்கு எப்படித் தெரிஞ்சது?" எண்ணியிருக்கிறான் என்று அவர்களே சொல்வார்கள். அதற்குமேல் விளக்காதீர்கள். தன்னையும் ஒருவர் எண்ணுகிறார் என்ற எண்ணம் பிள்ளைக்குள் தானாக இறங்க ஒரு நிமிட அமைதி போதும். அதை உங்கள் வாயால் சொன்னால் அது உங்களுடையதாகவே இருந்துவிடும்.

மனப்பாட வசனத்தை அடுத்த வாரமே மறந்துவிடுகிறார்களே?

அது மூளையின் இயல்பு. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885-லேயே இதை அளந்து வெளியிட்டார்: கற்றது முதல் நாளிலேயே வேகமாகக் கரைகிறது, இடைவெளி விட்டு மறுபடி நினைவுகூரும்போது கரையும் வேகம் குறைகிறது. எனவே ஒரு வசனத்தை வகுப்பின் முடிவில் ஒருமுறை, இரண்டு நாள் கழித்து வீட்டில் ஒருமுறை, அடுத்த ஞாயிறு ஒருமுறை, மூன்றாவது வாரம், பிறகு இரண்டு மாதம் கழித்து என்று திரும்பக் கேளுங்கள். பார்த்துப் படிக்க வைப்பதைவிட, மறைத்துவிட்டுச் சொல்ல வைப்பதே நினைவில் தங்கும். பலகையில் எழுதிவிட்டு ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லை அழித்துக்கொண்டே போகும் பழைய முறை இதனால்தான் பலிக்கிறது.

வாரம் ஒரு வசனம் என்று ஆண்டுக்கு 52 வசனங்களை ஓட்டுவதைவிட, 20 வசனங்களை நிலைநிறுத்துவது நல்லது. சிறியவர்களுக்கு நீளம் முக்கியம். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" (சங்கீதம் 56:3) ஐந்தே சொற்கள், நான்கு வயதுப் பிள்ளையால் முடியும்.

பொருள் புரியாமல் ஒப்பிப்பதுதான் தமிழ் வகுப்புகளின் பெரிய குறை. "நான் தாழ்ச்சியடையேன்" என்பதைப் பிழையில்லாமல் சொல்லும் பிள்ளையிடம் அர்த்தம் கேட்டுப் பாருங்கள், விழிக்கும். "எனக்கு ஒரு குறையும் வராது" என்று சொல்லிக் கொடுத்த பிறகு வசனத்துக்குப் போங்கள். இரட்சிப்பு, ஆக்கினை, பிரயாசம், பரிசுத்தம் போன்ற சொற்களை வசனத்துக்கு முன்பே ஒரு நிமிடத்தில் பேச்சுத் தமிழில் உடைத்துவிடுங்கள்.

தமிழ் பேசும், ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். என்ன மொழியில் நடத்துவது?

அவர்கள் எந்த மொழியில் யோசிக்கிறார்களோ அதில் கதையைப் பேசுங்கள். வசனத்தை ஒரே மொழியில் நிலைநிறுத்துங்கள். ஒரே வாரத்தில் இரண்டு மொழியிலும் வசனத்தைத் திணித்தால் எதிலும் நிற்காது. தமிழை வாசிக்கும் போட்டியாக வகுப்பை மாற்றிவிடாதீர்கள். வரிசையாக ஆளுக்கொரு வசனம் உரக்க வாசிக்க வைக்கும் வழக்கம், தடுமாறும் பிள்ளையை அடுத்த வாரம் வரவிடாமல் செய்துவிடும். வாசிப்பதை விருப்பம் உள்ளவர்களுக்கு விடுங்கள்.

5 வயதிலிருந்து 12 வயதுவரை ஒரே வகுப்பு. எப்படி?

கதையை எல்லாருக்கும் ஒன்றாகச் சொல்லுங்கள், அதன் பிறகு பிரியுங்கள். சிறியவர்கள் வரைவார்கள். பெரியவர்கள் அதே பகுதியை வேதாகமத்தில் திறந்து, நீங்கள் சொன்னதில் விட்டுப்போனது என்ன என்று தேடுவார்கள். 11, 12 வயதினருக்குக் கதைக்குத் துணையான பொறுப்பு கொடுத்தால் "இது சின்னப் பசங்க வகுப்பு" என்ற சலிப்பு குறையும். ஆனால் மாதம் ஒருமுறையாவது அவர்களுக்கென்று தனி நேரம் வேண்டும். எப்போதும் உதவியாளராகவே வைத்திருந்தால் அவர்கள் எதையும் கற்க மாட்டார்கள்.

பயமூட்டும் வேதக் கதைகளை எந்த வயதில் சொல்வது?

சிறு குழந்தைகளுக்கு நோவாவின் பேழையை விலங்குக் கதையாகச் சொல்கிறோம், அதே குழந்தை ஒருநாள் "வெளியே இருந்தவங்க என்ன ஆனாங்க?" என்று கேட்கும். கேட்கும்வரை காத்திருங்கள், கேட்டால் பொய் சொல்லாதீர்கள், குரூர விவரமும் வேண்டாம். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப்போன பகுதியை எட்டு வயதுக்கு முன் தவிர்ப்பது எங்கள் கருத்து. அந்த வயதில் பிள்ளை தன்னை ஈசாக்கின் இடத்திலும் தன் அப்பாவை ஆபிரகாமின் இடத்திலும் வைத்துப் பார்க்கும். சிலுவைப் பாடத்தை எந்த வயதிலும் உயிர்த்தெழுதல் இல்லாமல் முடித்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

சேட்டை செய்கிற பிள்ளையை எப்படிக் கையாள்வது?

அடி, கிள்ளு, முட்டி போடு, வெளியே நிற்க வை: இவை எதுவும் வேண்டாம். "இயேசு அழுவார்" என்று மிரட்டுவதும் வேண்டாம். கடவுளைத் தண்டனைக் கருவியாக்கிய வகுப்பை ஒரு பிள்ளை வாழ்நாள் முழுக்க மறக்காது. முதலில் காரணம் தேடுங்கள். பசி, தூக்கம், வீட்டில் சண்டை, வாசிக்கத் தெரியாத வெட்கம், அல்லது பாடம் சலிப்பு. இரண்டாவது ஆசிரியர் இருப்பதன் அருமை இங்கேதான் தெரியும்: கதை நிற்காமல் ஓடும்போதே அவர் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்தால் பல நேரம் அதுவே போதும். மூன்று விதிகளுக்கு மேல் வைக்காதீர்கள், பிள்ளைகளோடு சேர்ந்து எழுதுங்கள். பெற்றோரிடம் சேட்டைக்காக மட்டும் பேசாமல், நல்லது ஒன்றைச் சொல்லவும் போய் நில்லுங்கள்.

ஆட்டிசம் அல்லது வேறு சிறப்புத் தேவை உள்ள பிள்ளை வந்தால்?

பெற்றோரிடம் கேளுங்கள்: எது பிடிக்கும், எது பயம், கலங்கினால் எப்படி ஆறும், கழிப்பறைக்குப் போக எப்படிச் சொல்லும்? பிறகு வகுப்பின் வரிசையைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள்: பாட்டு, கதை, கைவேலை, ஜெபம், வீடு. அடுத்தது என்ன என்று தெரிந்தால் கலக்கம் குறையும். மைக்கையும் கைதட்டலையும் அடக்குங்கள். மூலையில் ஒரு பாய், ஒரு தலையணை, சத்தம் தடுக்கும் காதுக் கவசம் ஒன்று வையுங்கள். அது தண்டனை இடம் அல்ல என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியட்டும், யார் வேண்டுமானாலும் போகலாம். "பெற்றோர் கூடவே உட்காருங்கள்" என்று ஒவ்வொரு வாரமும் சொன்னால், அந்தத் தாய்தகப்பன் ஆராதனையே இல்லாமல் போவார்கள். அந்தப் பிள்ளைக்கென்று ஒரு துணையாளரைச் சபை தரட்டும்.

பாதுகாப்புக்குக் குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும்?

ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை (1989) பொதுவாக 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகள் என்கிறது. ஆகவே வாலிபர் கூட்டத்தின் 16 வயதுப் பையனுக்கும் இந்த விதிகள் பொருந்தும்.

மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கக் கூடாது. கதவில் கண்ணாடி இருக்க வேண்டும், இல்லையென்றால் கதவு திறந்திருக்க வேண்டும். கழிப்பறைக்குக் கூட்டிப்போகும் பெரியவர் மற்றவர் பார்வை படும் இடத்தில், வாசலில் நிற்க வேண்டும். சிறு பிள்ளைகளைப் பெற்றோர் குறிப்பிட்டவரிடம் மட்டுமே ஒப்படையுங்கள். ஒரு பிள்ளையை மட்டும் வண்டியில் ஏற்றிச் செல்லாதீர்கள். படம் எடுக்கவும் வெளியிடவும் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ஒவ்வாமை விவரம் வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் இருக்கும் அறையில் மணி, பட்டன், நாணயம் வேண்டாம்; சுமார் 3 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் அவர்கள் தொண்டையில் சிக்கலாம்.

ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால் என்ன செய்வது?

அமைதியாகக் கேளுங்கள். "சொன்னது நல்லது. நான் நம்புறேன். இது உன் தப்பு இல்லை" என்று சொல்லுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உதவக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லணும்" என்று உண்மையைச் சொல்லுங்கள். "அவர் இப்படிச் செய்தாரா?" என்று சொற்களை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், அது பின்னால் வழக்கையே பாதிக்கும். அன்றே பிள்ளை சொன்ன சொற்களிலேயே தேதி, நேரத்துடன் எழுதி வையுங்கள். சபையின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் தெரிவித்து, உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும் அதிகாரிகளுக்கு உடனே தகவல் கொடுங்கள்.

சபைகள் செய்யும் பெரும் பிழை, கமிட்டி கூட்டித் தாங்களே விசாரிப்பது. குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்டால் அவருக்குச் சாட்சியைக் கலைக்க அவகாசம் கிடைக்கும், பிள்ளைக்கு மிரட்டல் வரும். சபையின் பெயரைக் காக்க மூடி மறைப்பதும், "மன்னித்துவிடு" என்று பிள்ளையை நெருக்குவதும் இரண்டாவது கொடுமை. இதைக் கேட்ட ஆசிரியரும் உள்ளுக்குள் நொறுங்கியிருப்பார். அவரையும் யாராவது வந்து பார்க்க வேண்டும்.

பதின்பருவத்தினர் ஏன் மெல்ல மறைகிறார்கள்?

திடப்படுத்தல் (தம் விசுவாசத்தைச் சபைமுன் உறுதிசெய்யும் ஆராதனை) முடிந்த கையோடு, அல்லது பத்தாம் வகுப்பு தொடங்கியதும் மறைவார்கள். பள்ளித் தேர்வுதான் காரணம் என்று பெற்றோர் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் கேள்வி கேட்ட இடத்தில் கண்டிப்பு கிடைத்தது என்பதும், நாற்காலி அடுக்க மட்டுமே அழைக்கப்பட்டோம் என்பதும் கூடவே இருக்கும்.

பேச்சு 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். விசுவாசத்தைப் பற்றிய கேள்விக்கு ஏழெட்டு நொடி மௌனம் தாங்கிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் கூச்சம், அவர்களுக்கு அது யோசிக்கும் நேரம்.

வெளிப்படையாகக் கேட்கத் தயங்குகிறவர்களுக்குக் கேள்விப் பெட்டி நல்லது. எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சீட்டும் ஒரே நிறப் பேனாவும் கொடுங்கள். கேள்வி இல்லாதவர்களும் பிடித்த வசனம் ஒன்றை எழுத வேண்டும். இல்லையென்றால் எழுதுகிறவன் யார் என்று அறைக்கே தெரிந்துவிடும், அடுத்த முறை பெட்டி காலியாக வரும். பதில் தெரியாவிட்டால் "தெரியலை, அடுத்த வாரம் பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி வாருங்கள்.

ஜெப நடத்துதல், ஒலி அமைப்பு, சிறுவர் வகுப்பில் துணை, ஆராதனையில் வேத வாசிப்பு என உண்மையான பொறுப்பு கொடுங்கள், பிழை செய்ய இடமும் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்கள் இருக்க வேண்டும், பெற்றோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இரவு ஒன்பதுக்கு மேல் தனிச் செய்தி அனுப்பாதீர்கள்.

விடுமுறை வேதாகமப் பள்ளியை எப்போது திட்டமிடத் தொடங்குவது?

12 வாரம் முன்பு. அதில் முதல் நான்கு வாரம் ஆளும் பாடமும், அடுத்த நான்கு வாரம் பயிற்சியும் பதிவும், கடைசி நான்கு வாரம் பொருள் சேர்ப்பும் ஒத்திகையும். நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால், பிள்ளைகளை நான்கு குழுவாக்கிக் கதை, பாட்டு, கைவேலை, விளையாட்டு என்ற நான்கு இடங்களுக்கு 25 நிமிடம் வீதம் சுழற்றுங்கள். தொடக்கக் கூடுகை 25, முடிவு 20, இடம் மாற ஐந்து முறை 5 நிமிடம்: மொத்தம் 170. மிச்சம் பத்து நிமிடம் கட்டாயம் தேவைப்படும்.

பெரும்பாலான சபைகள் கடைசி நாள் கலைநிகழ்ச்சியோடு நிறுத்திவிடுகின்றன. பதிவுப் படிவத்தில் வந்த புதிய பிள்ளைகளின் பட்டியலை வகுப்புவாரியாகப் பிரித்து, இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வகுப்பின் ஆசிரியரே பேசட்டும்.

பொருள்களுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

ஆசிரியர் தன் கைக்காசில் வாங்கும் நிலை வரக் கூடாது, அதுதான் அளவுகோல். வகுப்புக்கு ஒரு பெட்டி: பத்துப் பிள்ளைகளுக்கு முனை மழுங்கிய கத்தரிக்கோல் 5, பசைக் குச்சி 5, வண்ணக் குச்சிப் பெட்டி 4, பென்சில் 12, வெள்ளைத் தாள் 50, ஒட்டும் நாடா, ஈரத் துடைப்பான், காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி. திரவப் பசை வாங்காதீர்கள். வகுப்பு முடிவதற்குள் காயாது, பையில் எல்லாத் தாளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாதக் கடைசியில் பெட்டியை நிரப்புவது ஆசிரியர் அல்லாத வேறொருவரின் வேலையாக இருக்கட்டும். கற்பிக்க வராதவர்களும் செய்யக்கூடிய நல்ல ஊழியம் இது.

பரிசும் போட்டியும் கொடுக்கலாமா?

அளவோடு. ஒவ்வோர் ஆண்டும் அதே மூன்று பிள்ளைகள் மேடையேறினால் மற்றவர்கள் வேதாகமம் தங்களுக்கு இல்லை என்று முடிவு செய்துவிடுவார்கள். எல்லாருமாகச் சேர்ந்து எட்டக்கூடிய இலக்கு வையுங்கள்.

பெற்றோரின் பங்கு என்ன?

வாரம் 45 நிமிடம், ஆண்டுக்கு 40 வாரம் என்று கணக்கிட்டால் மொத்தம் 30 மணி நேரம். வீட்டோடு ஒப்பிட இது ஒன்றுமில்லை. 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளி, வாரமெல்லாம் வேலை செய்து எழுத்தறியாமல் இருந்த ஏழைப் பிள்ளைகளுக்கானது. பெற்றோரின் போதனைக்கு மாற்றாக அது எழவில்லை. உபாகமம் 6:7 சொல்லும் இடங்களைப் பாருங்கள்: வீட்டில் உட்காருகிறபோது, வழியில் நடக்கிறபோது, படுக்கிறபோது, எழுந்திருக்கிறபோது.

வாராவாரம் பெற்றோருக்கு மூன்று வரி அனுப்புங்கள்: இன்று சொன்ன கதை, வசனம், பிள்ளையிடம் கேட்க ஒரு கேள்வி. "இன்று என்ன படித்தாய்?" என்ற கேள்விக்கு "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். "மேய்ப்பனுக்கு ஆடு காணோம்னு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டால் கதை முழுவதும் வரும்.

வராமல் போன பிள்ளையை எப்போது தேடுவது?

இரண்டு ஞாயிறு தொடர்ந்து வராவிட்டால் ஆசிரியர் பேச வேண்டும், நான்கு என்றால் நேரில் போக வேண்டும், இருவராக. வருகைப் பதிவேடு இதற்குத்தான். ஆண்டறிக்கையில் எண்ணிக்கை காட்ட மட்டும் அல்ல. "ஏன் வரலை?" என்று கேட்காமல் "உன்னைத் தேடினோம்" என்று தொடங்குங்கள்.

ஆசிரியர் சோர்ந்திருப்பதை எப்படிக் கண்டுகொள்வது?

கடைசி நிமிடத்தில் வருவார், தயாரிப்பு இல்லாமல் காணொளி போட்டு ஓட்டுவார், பிள்ளைகளின் பெயரைச் சொல்லாமல் "இந்த வகுப்பு" என்று பேசத் தொடங்குவார். கண்டிக்காதீர்கள். ஆண்டுக்கு இரண்டு மாதம் ஓய்வு எல்லாருக்கும் விதியாகவே இருந்தால், ஓய்வு கேட்பது தோல்வியாகத் தோன்றாது. ஆயர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிடம் பின்னால் உட்கார்ந்து, பிறகு தான் கண்ட ஒரு நல்ல காரியத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "நன்றாக நடத்துகிறீர்கள்" என்பது காற்றோடு போகும். "அந்தப் பெண் பதில் சொல்லும்வரை காத்திருந்தீர்களே" என்பது அடுத்த ஆண்டுவரை தாங்கும்.

ஓர் ஆசிரியர் விலகும்போது என்ன செய்வது?

பிள்ளைகளிடம் மூன்று வாரம் முன்பே உண்மையைச் சொல்லுங்கள். திடீரென்று காணாமல் போனால், தாங்கள்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று சிறு பிள்ளைகள் நினைப்பார்கள். அந்த மூன்று வாரமும் புதியவர் கூடவே இருக்கட்டும். கைமாற்றுக் குறிப்பேட்டில் பெயர், பிறந்தநாள், ஒவ்வாமை, எது பிடிக்கும், வீட்டில் யார் யார் என்பவை இருக்கட்டும். பிள்ளை நம்பிச் சொன்ன இரகசியங்களை அதில் எழுத வேண்டாம். கடைசி ஞாயிறன்று பழைய ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லிப் புதியவரிடம் அறிமுகப்படுத்தட்டும். அன்று வராத பிள்ளைகளின் வீட்டுக்கு மாலையில் அவரே போன் செய்து பேசட்டும்.